உடையவர் வரும்வரை

எனது வீட்டில் பதினான்கு தையல் மெசின்கள் இருக்கின்றன. தைக்கிறவர் எவருமில்லை. கல்பிட்டிப் பக்கமிருந்து வரும் உறவினர்கள் முன் அறையில் நுழைந்ததும் ஒரு கணம் தடுமாறி, "தையற்கடை போடப் போறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "அப்ப என்னத்துக்கு?"

இந்த "என்னத்துக்கு" என்ற கேள்விக்கு நான் பல வருடங்களாக வைத்திருந்த விடை, சென்ற மூன்றாண்டுகளாக என்னிடம் செல்லுபடியாகவில்லை. அந்தக் காரணத்தை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் பழைய விடையைச் சொல்லிவிடுகிறேன். நமது பகுதியில் சிங்கர் மெசின் இல்லாத முஸ்லிம் வீட்டைக் காண்பது ஒரு காலத்தில் அரிது. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். விலையைத் தவணையாகக் கட்டும் முறையை அந்நிறுவனம் அமெரிக்காவில் 1856இலேயே தொடங்கியிருந்தது. கையில் மொத்தப் பணமில்லாத குடும்பமும் மாதாமாதம் சிறு தொகை கட்டி ஓர் இரும்பு இயந்திரத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. வீட்டைவிட்டு வெளியே போகாமல் ஒரு பெண் தன் கையால் சம்பாதிக்கக்கூடிய வழிகள் மிகச் சிலவாக இருந்த காலத்தில், திண்ணைக்கு உட்புறம் ஓடிய இந்தச் சக்கரம் எத்தனையோ விதவைகளின் அடுப்பை எரிய வைத்தது. எனது உம்மாவும் அப்படி ஒருவர். உப்பளத்தில் வேலையில்லாத மழை மாதங்களில் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் கை மெசினிலிருந்துதான் வந்தது. உம்மாவின் மவுத்துக்குப் பின் அதைத் துடைத்து வைத்தேன். அதுதான் முதலாவது.

பிறகு அதன் இலக்கத்தைப் படிக்கக் கற்றேன். மெசினின் அடித்தட்டில் வலப்புறம் பொறிக்கப்பட்டிருக்கும் அந்தத் தொடரிலக்கம் வெறும் எண்ணல்ல. 1900ஆம் ஆண்டு முதல் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தொன்று வரத் தொடங்கியது. பின்னர் இரண்டெழுத்துகளும் வந்தன. அவ்வெழுத்துகள் எந்தத் தொழிற்சாலை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைச் சொல்லிவிடும். இலங்கையில் நாம் காணும் பழைய மெசின்களில் பெரும்பாலானவை ஸ்கொட்லாந்திலுள்ள கிளைட்பாங்க் தொழிற்சாலையில் பிறந்தவை. 1880களில் எழுந்து 1980இல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் பெயரில் இன்றும் அங்கு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இலக்கப் பதிவேட்டிலுள்ள திகதி இயந்திரம் செய்து முடிந்த நாள் அல்ல, அந்தத் தொகுதி இலக்கங்கள் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்ட நாள் என்பது போன்ற நுணுக்கங்களை அறிந்துகொண்டபோது, எனக்கு ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைச் சரிபார்ப்பவரின் மகிழ்ச்சி ஏற்பட்டது.

தேடத் தேடப் பெயர்கள் வெளிவந்தன. தையல் மெசினைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்றே பாடசாலையில் படித்தோம். ஆனால் முனையில் கண் வைத்த ஊசியும் இரண்டு நூலும் கொண்டு பூட்டுத்தையல் போடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் என்பவர் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சிங்கரின் காப்புரிமை 1851இல்தான். ஹோவ் வழக்குத் தொடுத்து வென்றார். சிங்கர் அவருக்குப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகள் சிங்கர் மெசினுக்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைப் பொறுக்காத ஒருவரின் அன்பிலிருந்து அது பிறந்ததாக அவர் நம்பினார். சிங்கரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தால், பல பெண்களுடன் குடும்பம் நடத்தி 20இற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையான ஒரு மனிதரைத்தான் காண்கிறோம். கிளைட்பாங்கில் 1911இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றதையும், முன்னின்றவர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்ததையும் மெசினில் மின்னும் பொன்னிறச் சித்திரங்கள் சொல்வதில்லை.

ஆகவே "என்னத்துக்கு" என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்லி வந்தேன்: மறக்கப்பட்டவர்களுக்கு அவர்களின் பெயரைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு ஹக்கை நிறைவேற்றுவதுதான். பொருளைச் சேர்ப்பது ஆசை. அதன் வரலாற்றைத் தேடுவது நீதி. அத்தகாஸுர் சூறா எச்சரிக்கும் பெருக்கிக்கொள்ளும் போட்டியிலிருந்து என்னைப் பிரிப்பது இந்தத் தேடல்தான் என்றும் நான் நம்பினேன்.

சிட்னியில் குடியேறிய நண்பரொருவர் ஒருமுறை ஊருக்கு வந்தபோது எனது மெசின்களைப் பார்த்துச் சிரித்தார். அவுஸ்திரேலியாவில் பழைய புல்வெட்டும் இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்களாம். 1952இல் சிட்னியின் கொன்கோர்ட் பகுதியில் மேர்வின் விக்டர் ரிச்சட்சன் தனது வீட்டு வாகனக் கொட்டகையில் செய்த 'விக்டா' இயந்திரம்தான் அவர்களின் பெரிய தேடல். முதல் மாதிரியின் பெற்றோல் தாங்கி, பீச் பழம் அடைத்து வந்த ஒரு தகரப் பேணி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டும் இயந்திரங்களை அணிவகுக்க வைக்கும் அளவுக்கு அது அந்நாட்டின் அடையாளமாகியிருந்தது. ரிச்சட்சனுக்கு முன்பே, 1948இல், லோரன்ஸ் ஹோல் என்பவர் அதுபோன்ற ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் அந்தச் சேகரிப்பாளர்கள் விடாமல் சொல்வார்களாம். ஹோவும் சிங்கரும்போலத்தான். உலகின் மறுகோடியிலும் என்னைப் போன்ற பைத்தியங்கள் இருப்பதை அறிந்து எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவர்களுக்கும் எனக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. அதை நான் அன்று கவனிக்கவில்லை. அவர்கள் தேடி எடுக்கும் இயந்திரம், பெரும்பாலும், புதியது வாங்கியதால் ஒருவர் கொட்டகையின் மூலையில் தள்ளிவிட்ட ஒன்று. தள்ளியவர் தன் விருப்பப்படி தள்ளினார். எனது பதினான்கில் ஒன்று அப்படிப்பட்டதல்ல.

அதை 2003இல் வாங்கினேன். முந்தைய ஆண்டு ஏ9 பாதை திறக்கப்பட்டதிலிருந்து வடக்கிலிருந்து பழைய இரும்பு லொறிகளில் வரத் தொடங்கியிருந்தது. புத்தளத்தில் ஒரு வியாபாரியின் குவியலில் கிடந்தது மெசினின் தலைப்பகுதியும் மரப்பலகையும் ஒரு லாச்சியும். இரும்புக் கால்கள் முன்பே நிறுவைக்குப் போய்விட்டன. எங்கிருந்து என்று கேட்டேன். "யாழ்ப்பாணம்" என்றார். 15கே மொடல், 'ஈ.எச்.' என்று தொடங்கும் இலக்கம், 1950களின் முற்பகுதி, கிளைட்பாங்க். எனக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து துருவை எடுத்தேன். பலகையில் அழுக்கும் பென்சில் கிறுக்கல்களும் நிறைந்திருந்தன. அரத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன். பலகை புதிதுபோல மின்னியது.

லாச்சி மட்டும் இறுகியிருந்தது. இரண்டு நாள் கழித்து அதைத் திறந்தபோது அடிப்பலகையின் உட்புறத்திலும் பென்சில் எழுத்து. அது அறபுத் தமிழ். என் உம்மா வாசித்த எழுத்து. நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தோள், நெஞ்சு, கை நீளம் என்று அளவுகள். பெருநாளைக்கு முன் கொடுக்க வேண்டியவற்றின் குறிப்பு. பெயரேதும் இல்லை. பெயர் இருந்திருந்தால் அது மேற்பலகையில் இருந்திருக்கும். அதை நான்தான் தேய்த்துவிட்டேன்.

அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். வருத்தம் தோன்றியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஓர் அரிய பொருள் கைக்குக் கிடைத்த சந்தோசம் தோன்றியது. அதன்பின் பதினைந்து வருடங்களுக்கு மேல், வருபவர்களிடம் அந்த லாச்சியைத் திறந்து காட்டி, "இது யாழ்ப்பாணத்து முஸ்லிம் தையற்காரர் ஒருவருடையது, அறபுத் தமிழைப் பாருங்கள்" என்று சொல்லி வந்தேன். கேட்பவர்கள் உருகினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. காந்தியடிகள் நம்பிய கதையைப் போலவே நானும் ஒரு பொருளுக்கு இனிய கதையொன்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தையற்காரர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் எங்கே போயிருப்பார் என்பது தெரியாத விடயமா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவும் சுற்றுப்புறமும் அன்று ஒரு பகலில் வெறுமையாகின. தையலும் இரும்பு வியாபாரமும் அந்த மக்களின் பிரதான தொழில்களில் சேர்ந்தவை; எத்தனை மெசின்கள் நூலோடும் துணியோடும் அப்படியே நின்றிருக்கும்! மன்னார்த் தீவிலிருந்து தோணிகளில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களை என் கண்ணால் கண்டவன் நான். வெளியேற்றப்பட்ட 70,000இற்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது நமது மாவட்டத்துக்கே. தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை, கல்பிட்டி என்று தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன.

புத்தளத்து மக்கள் அன்று பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தோட்டங்களையும் திறந்து கொடுத்தார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். மதீனாவின் அன்ஸாரிகள் என்று நம்மைப் பிறர் புகழ்ந்தபோது, அதில் பொய்யில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, வேலைக்கும் கூலிக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தபோது, அந்த மக்களுக்கு நாம் வைத்த பெயர் ஒன்றே ஒன்று: அகதி. "அகதி ஆக்கள்", "அகதிப் பிள்ளை", "அகதிக் கேம்ப்". அங்கே பிறந்து அங்கேயே வளர்ந்து நிக்காஹ் முடித்த பிள்ளைக்கும் அதே பெயர்.

இதில் என்னை நான் எங்கே வைப்பது? ஓர் இரும்புத் துண்டின் இரண்டெழுத்தைக் கொண்டு அது எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டுக்கு அண்மையில் பிறந்தது என்று சொல்லக்கூடியவன் நான். தில்லையடியைக் கடந்து பத்துப் பதினைந்து வருடம் பஸ்ஸில் போய் வந்த நான், அங்குள்ள ஒருவரிடமாவது நீங்கள் எந்தத் தெரு, என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டதில்லை. மெசினுக்கு வரலாறு இருந்தது. மனிதருக்கு ஒரு சொல் போதும் என்று நினைத்துவிட்டேன். வரலாற்றைத் தேடுவது நீதி என்று பேசியவனின் நீதி ஸ்கொட்லாந்துவரை போயிற்று. மூன்று மைல் தூரம் போகவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், அந்த மெசினில் நூல் இறுக்கம் சரியாக வராததால், தில்லையடியிலிருந்து வயதான தையற்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். யாழ்ப்பாணத்தவர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெசினைவிட்டுப் பலகையைத் தடவினார்.

"வார்னிஷ் யாரு அடிச்ச, சேர்?"

"நான்தான், நானா."

"முழங்கை படுற இடத்துல ஒரு குழி இருந்திருக்கும். முப்பது நாப்பது வருசம் தைச்சா மரம் தேஞ்சிடும். ஆளுக்கு ஆள் அது வேற மாதிரி. அதப் பாத்தா எங்கட ஆக்கள்ள யாருட மெசின் என்டு சொல்லக்கூட ஏலுமாயிருந்திருக்கும்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. லாச்சியைத் திறந்து எழுத்தை வாசித்தார். எழுதியவரைத் தெரியாது என்றார். தேநீர் குடித்து, இறுக்கத்தைச் சரிசெய்து, கூலி வாங்க மறுத்துப் போய்விட்டார். அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின்தான் நான் முதன்முறையாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: இது யாருடையது?

நான் விலை கொடுத்து வாங்கினேன் என்பது முதல் விடை. ஆனால் விற்றவருக்கு அது எப்படி உரிமையாயிற்று? அபகரிக்கப்பட்ட பொருள் எத்தனை கை மாறினாலும் உடையவரின் உரிமை அழிவதில்லை என்பது நமது சட்டவியலில் பாலபாடம். சந்தேகத்துக்குரிய பொருளைப் பற்றி இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஹலால் ஹராம் என்றொரு தனி நூற்பகுதியே எழுதியிருக்கிறார். எங்கிருந்து என்று கேட்ட எனக்கு "யாழ்ப்பாணம்" என்ற பதில் போதுமாயிருந்தது என்றால், அடுத்த கேள்வியைக் கேட்க நான் விரும்பவில்லை என்றே அர்த்தம். வாங்கும்போது எனக்குத் தெரியாது என்று வாதிடலாம். லாச்சியைத் திறந்த பிறகும் தெரியாது என்று வாதிட முடியாது.

நான் வாங்காவிட்டால் அது உலையில் உருகியிருக்கும் என்பது இரண்டாவது விடை. இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. வழிதவறிய பிராணிகள் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, ஒட்டகத்தை அதன் பாட்டில் விடுமாறும், ஆட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றும் பிரித்துச் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒட்டகம் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆட்டை ஓநாய் கொண்டுபோய்விடும். எனது மெசின் ஆட்டைப் போன்றது. இரும்பு உலைதான் ஓநாய். எடுத்தது சரிதான். ஆனால் காப்பாற்றியவன் என்பதால் உடையவனாகிவிட முடியாது. காப்பாற்றியவனுக்குக் கிடைப்பது ஒரு கடமை மட்டுமே.

காலம் கடந்துவிட்டது என்பது மூன்றாவது விடை. நமது நாட்டுச் சட்டத்தில் ஒருவர் பிறருடைய காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். ஆனால் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கூறியது. வழக்கிட அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடம்தான். பேசுவதும் அசையாச் சொத்தைப் பற்றி மட்டுமே. ஆயினும் அதன் உள்ளே இருக்கும் நியாயம் மெசினுக்கும் பொருந்தும்: வரமுடியாமல் தடுக்கப்பட்டவர் வரவில்லை என்பதை அவருக்கு எதிரான சாட்சியமாக்கக்கூடாது. கைவிட்ட பொருள் வேறு. கைவிடச் செய்யப்பட்ட பொருள் வேறு. சேகரிப்பாளனின் முதல் ஒழுக்கம் இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் என்று இப்போது நினைக்கிறேன். உலகின் பெரிய நூதனசாலைகளும் காலனித்துவக் காலத்தில் அள்ளிச் சென்ற பொருட்களை வைத்துக்கொண்டு, "நாங்கள் நன்றாகப் பராமரிக்கிறோம்" என்றுதான் சொல்கின்றன. அவர்களை எதிர்த்து நான் பேசியிருக்கிறேன். எனது முன் அறையும் ஒரு சிறு நூதனசாலை என்பதை மறந்துவிட்டேன்.

கண்டெடுத்த பொருளுக்கான விதி நமக்குத் தெரிந்ததே. பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் அறிவிக்க வேண்டும். அதன்பின் பயன்படுத்தலாம், ஆனால் உடையவர் எப்போது வந்தாலும் கொடுக்க வேண்டும். எனது மெசின் கண்டெடுத்ததல்ல, கொள்ளை போனது. ஆகவே கடமை இன்னும் கடினமானதே தவிர இலகுவானதல்ல. நான் அறிவிக்கத் தொடங்கினேன். தில்லையடிப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் சொல்லச் செய்தேன். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய நண்பர்கள் மூலம் சோனகத் தெருவிலும் சொல்லியனுப்பினேன். பலர் வந்தார்கள். ஒவ்வொருவரும் லாச்சியைத் தொட்டுப் பார்த்து, தம்முடையதல்ல என்று சொல்லி, தாம் விட்டு வந்த மெசினைப் பற்றிப் பேசினார்கள். பொய்யாக ஒருவர்கூட உரிமை கோரவில்லை. அவர்கள் சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்: தெரு, கடை, யாரிடம் தொழில் படித்தார், அன்று மெசினில் எந்தத் துணி இருந்தது. பதினான்கு மெசின்களின் இலக்கங்களை எழுதி வைத்திருந்த கொப்பி இப்போது மற்றப் பக்கத்திலிருந்து நிரம்புகிறது.

மெசின் இப்போது என் வீட்டிலில்லை. தில்லையடியில் கணவனை இழந்த ஒரு பெண் அதில் பாடசாலைச் சீருடை தைக்கிறார். உடையவர் வந்தால் கொடுத்துவிட வேண்டும், அப்போது எனது இன்னொரு மெசினை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. தைத்தால் தேய்மானம் வரும், அரிய பொருள் கெட்டுப்போகும் என்று சக சேகரிப்பாளர் ஒருவர் கோபித்துக்கொண்டார். தேயட்டும். தேய்த்து அழிப்பதற்கும் தைத்துத் தேய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு அந்த நானா காட்டிவிட்டுப் போனார்.

இக்கட்டுரையும் அந்த அறிவிப்பின் ஒரு பகுதியே. இதை வாசிப்பவர்களில் 1990இல் யாழ்ப்பாணத்தில் தையல் தொழில் செய்தவரோ, அவருடைய பிள்ளையோ, பேரப்பிள்ளையோ இருக்கலாம். மொடலையும் எழுத்தையும் சொல்லிவிட்டேன். ஆனால் லாச்சியின் உள்ளே அளவுகளுக்குக் கீழே இன்னுமொரு அடையாளம் இருக்கிறது. இத்தனை வருடம் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டிய நான், அந்த இடத்தில் தாளொட்டி மறைத்துவிட்டேன். அதை இங்கே எழுதவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.